நல்ல நேரத்துக்குத் திருப்பிய லேப்டாப்

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். எனக்கு வாய் திறந்துகொள்ளும். சாவு விழுந்த துஷ்டி வீட்டில் பந்தல்காரரைச் சிரிக்க வைத்துவிட்டு, சொந்தக்காரர்கள் அத்தனை பேருடைய முறைப்பையும் ஒற்றை ஆளாக வாங்கிக்கொள்கிறவன் நான். இதைத் தைரியம் என்று நினைத்துப் பெண் கொடுத்த என் மாமனார் பிற்பாடு ரொம்ப வருத்தப்பட்டார்.

எனக்கு நாற்பது தாண்டியிருந்த சமயம். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் என்றதும் வெளியூர்க்காரர்கள் மேசை நாற்காலியை நினைப்பார்கள். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கே அதுதான் பெயர். குச்சி அடுக்குகிற கொட்டகை, மெழுகும் மருந்தும் முக்குகிற அறை, பெட்டி அடைக்கிற கொட்டகை, சரக்கு அறை, இத்தனைக்கும் முன்னால் ரோட்டைப் பார்த்தபடி ஒரு சின்ன அறை. அதில் இரண்டு நாற்காலி. ஒன்றில் நான். இன்னொன்றில், லாரியில் சரக்கு ஏற்றி அனுப்புகிறவர். அவரை எல்லாரும் டெஸ்பாட்ச் என்றே கூப்பிட்டார்கள். அவர் கல்யாணத்தில் ஐயர்கூட டெஸ்பாட்ச் என்று சொல்லித்தான் மந்திரம் ஓதினார் என்று கதை கட்டிவிட்டவன் நான்.

எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே அளவு வழுக்கை. பதினைந்து வருஷம் ஒரே டீயை இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடித்தவர்கள். அந்தச் சிநேகிதத்தை ஒரு லேப்டாப் வந்து ஒரே மாதத்தில் நாறடித்தது.

அது முதலாளியின் மருமகன் சென்னையில் வைத்திருந்த பழைய லேப்டாப். முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். மருமகன் புதியது வாங்கியதும், பழையதில் பில் போடுகிற புரோகிராம் ஒன்றை ஏற்றி மாமனாருக்கு அனுப்பிவிட்டார். கூடவே ஒரு யோசனையையும் அனுப்பினார்: ரெண்டு ஆள் வேலையை இது ஒன்றே பார்க்கும். அண்ணாச்சி எங்கள் இரண்டு பேரையும் முன்னால் நிற்க வைத்து, பட்சணம் பங்கு வைக்கிற குரலில் சொன்னார்.

"ஏப்ரல் புதுக் கணக்குக்கு முத பில்லு இதுலதான் போடணும். யாரு இத ஒழுங்கா ஓட்டுதீகளோ அவுக இங்கன இருங்க. மத்தவுக புதூரப் பாத்துக்கிடுங்க."

புதூர் என்றால் புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் எங்களுக்கு இருந்த கிளைக் கொட்டகை. தகரக் கூரை. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் கரிசல் காடு. கோடையில் மண் வாய் பிளந்து கிடக்கும், ஆடு கால் வைக்க யோசிக்கும். அங்கே மேற்பார்வைக்கு இருந்தவர் மாசி மாதம் இருந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார் டாக்டர். தகரம் என்றோம் நாங்கள். காலியாயிருந்தது அந்த இடம்.

எனக்குக் கவலையே இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில், பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து இரண்டு மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்தேன். அந்தப் பிள்ளைகள் என்னை 'அங்கிள்' என்றார்கள், பொறுத்துக்கொண்டேன். டெஸ்பாட்சுக்கோ மவுஸைத் தள்ளத் தெரியாது. அம்பை மேலே ஏற்று என்றால் மவுஸை மேசையிலிருந்து தூக்கிக் காற்றில் பிடிப்பார். ஆகவே மாதம் முழுக்க அவரைப் புதூருக்கு வழியனுப்பிக்கொண்டே இருந்தேன்.

"புதூர் பஸ்ல ஜன்னலோரம் உக்காராதீரும்வே. தூசி ஏறி, இறங்கையில உம்ம வீட்டம்மாவுக்கே அடையாளம் தெரியாது."

"சரிவே."

"அங்கன செத்தவரு ஆவி இன்னும் ஹாஜர் எடுக்குதாம். உள்ளேன் ஐயான்னு சத்தமாச் சொல்லணும், என்ன?"

"சொல்லுதேன்வே" என்பார். முகத்தில் ஈ ஆடாது. அவருக்கு மூத்த மகளைக் கல்லூரியில் சேர்த்த வருஷம் அது. காலை மாலை இரண்டு பஸ் மாறிப் போய்வந்தால், அவர் சாயந்தரம் பார்க்கிற பலசரக்குக் கடைக் கணக்கு நின்றுவிடும். அது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் நன்றாகச் சிரித்தேன். எனக்கு மட்டும் என்ன, எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் நூற்றைம்பது கிலோ எடையில், படுத்த படுக்கையாக ஒரு அம்மா, அவளைச் சாயந்தரம் புரட்டிப் படுக்க வைக்க என் மனைவிக்கு ஒரு ஆள் வேண்டும். புதூருக்குப் போனால் நான் வீடு சேரும்போது அம்மாவுக்கு விடிந்துவிடும். ஆக, இரண்டு பேருக்கும் ஒரு நாற்காலிதான் வாழ்வு. யாராவது ஒருவர் கீழே விழவேண்டும், அது அவராக இருக்கவேண்டும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது.

முதல் பில் போடுகிற நாள் புதன்கிழமையாக அமைந்தது. காலை ஒன்பதரையை ஒட்டி நல்ல நேரம் என்று அண்ணாச்சி காலண்டரில் கிழித்துப் பார்க்கிற தாளிலேயே வட்டம் போட்டு வைத்திருந்தார். வடக்கே போகிற லாரி சரக்கோடு வாசலில் நின்றது. பில் கைக்கு வராமல் தீப்பெட்டி லாரி நகரக் கூடாது. வழியில் செக்போஸ்டில் பிடித்தால் சரக்கோடு உள்ளே வைத்துவிடுவார்கள். லேப்டாப்புக்கு மஞ்சள், குங்குமம், ஒரு முழம் பூ. எல்லாம் தயார். கரண்ட் போய்விட்டது.

லேப்டாப்பில் பாட்டரி இருக்குமே என்பீர்கள். இருந்தது, பல் போன கிழவனுக்குப் பல்செட் போல, பெயருக்கு. வயரைப் பிடுங்கினால் ஒரு மூச்சுகூடத் தாங்காது. நல்ல நேரம் எங்கள் கண் முன்னால், மின்விசிறி இல்லாத புழுக்கத்தில், மெல்ல நடந்து வெளியே போனது. அண்ணாச்சி விசிறிக்கொண்டே அது போவதைப் பார்த்தார்.

கரண்ட் வந்தபோது பதினொன்று தாண்டியிருந்தது. லேப்டாப்பைப் போட்டேன், புரோகிராமைத் திறந்தேன், அழகாகத் திறந்தது. அண்ணாச்சி திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தையே பார்த்தார்.

"ஏம்வே கணக்கு, அந்த மணிய மாத்த முடியுமா?"

"முடியும் அண்ணாச்சி."

"ஒம்பதரைக்கு வையும்."

எனக்கு அதில் ஒரு தவறும் தெரியவில்லை. கடைத்தெருவில் எத்தனை சுவர்க் கடிகாரம் முகூர்த்தத்துக்காக முள் திரும்பியிருக்கிறது! பஞ்சாங்கத்தை ஏமாற்றுவது எங்கள் ஊரில் பாவம் இல்லை, சாமர்த்தியம். இரண்டு சொடக்கில் திருப்பினேன். லேப்டாப் பெட்டிக்குள் மணி ஒன்பதரை ஆனது. ஒன்றாம் நம்பர் பில்லை அடித்துச் சேமித்தேன். அண்ணாச்சி முகம் குளிர்ந்தது. டெஸ்பாட்ச் பக்கம் திரும்பி, பஸ் ஸ்டீயரிங் திருப்புகிற மாதிரி கையை ஆட்டிக் காட்டினேன். அவர் பார்க்காத மாதிரி இருந்தார்.

பிரிண்ட் எடுக்கவில்லை. முதலில் தீபாராதனை காட்டவேண்டும். தீப்பெட்டி ஆபீஸில் சூடம் கொளுத்த முடியாது. ஒரு பொறி போதும், ஊரே பார்க்கும். எங்கள் ஆயுத பூசையே கேட்டுக்கு வெளியே ரோட்டோரத்தில்தான். கரண்ட் ஓடுகிற சாமானுக்குப் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகவும் கூடாது. ஆகவே லேப்டாப்பை முறைப்படி அணைத்தேன். வயரைப் பிடுங்கி, தாம்பாளத்தில் வைத்து, காதுகுத்துப் பிள்ளையைத் தூக்குவது போல ரோட்டுக்குத் தூக்கிப் போனேன். அண்ணாச்சி வீட்டம்மா சூடம் காட்டினார். லாரி டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு வெள்ளாடு பூவைக் கவ்வப் பார்த்தது. உள்ளே கொண்டுவந்து வயரைச் செருகிப் போட்டேன். விண்டோஸ் வந்தது. புரோகிராமைத் திறந்தேன்.

வரவில்லை.

டேட்டாவோடு தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு சின்னக் கட்டம். சரி என்று அமுக்கினேன். மறுபடி திறந்தேன். அதே கட்டம். ஒரு தடவைக்கு மேல் சொன்னால் மனசு மாறும் என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் திறந்தேன். மாறவில்லை. அணைத்துப் போட்டேன். வயரை மாற்றிச் செருகினேன். எழுத்துப் பொத்தான்களுக்கு நடுவில் இறங்கியிருந்த மஞ்சளைத் தீக்குச்சியால் குடைந்தேன். குங்குமத்தைத் துடைத்துவிட்டு, சாமி குத்தமாகிவிடுமோ என்று திரும்ப வைத்தேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சூடம் பட்டதுல கொஞ்சம் மயக்கம் போட்டிருக்கு அண்ணாச்சி. சோடா தெளிச்சா எந்திரிச்சிரும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி காலண்டரைப் பார்த்தார்.

"பன்னண்டு மணிக்கு ராகு காலம். அது முடிஞ்சதும் லாரி நகரணும். பில்லுதான் நல்ல நேரத்துல போட்டாச்சுல்லா. பிரிண்டு மட்டும் எடும்."

பிரிண்ட் எடுக்கத்தான் உள்ளே நுழையவே முடியவில்லை. புரோகிராம் விற்ற கம்பெனிக்கு மதுரையில் உதவி நம்பர் ஒன்று உண்டு. மேசைப் போனை எடுத்தேன். நல்ல நேரத்துக்கு வட்டம் போட்ட காலண்டருக்குக் கீழேயே அண்ணாச்சி உட்கார்ந்துகொண்டார், என் முதுகுக்குப் பின்னால் நாலு அடியில். டெஸ்பாட்ச் என் தோளுக்கு மேலே நின்றார். அவர் மூச்சு என் காதில் பட்டது. வெற்றிலை வாசம்.

போனில் ஒரு பெண்பிள்ளை. சின்னக் குரல், பெரிய அலுப்பு.

"சார், ஸ்டார்ட்ல ரன் போங்க. சர்வீசஸ் டாட் எம்.எஸ்.சி. அடிங்க."

அடித்தேன். திரை முழுக்க ஒரு பட்டியல் விரிந்தது. பேர் தெரியாத நூறு வேலைக்காரர்கள். இந்தப் பெட்டி திறந்தவுடன் பின்னாலிருந்து இத்தனை பேர் எழுந்து வேலைக்கு வருகிறார்கள் என்று மாடியில் இரண்டு மாதம் எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. வந்தவர்கள் பேருக்கு நேரே 'ஸ்டார்ட்டட்' என்று இருந்தது. வராதவர்களுக்கு நேரே வெற்றிடம். எங்கள் பில் புரோகிராமின் டேட்டா சர்வீஸுக்கு நேரே வெற்றிடம்.

"அதுல ரைட் கிளிக் பண்ணி ஸ்டார்ட் குடுங்க."

கொடுத்தேன். பச்சைக் கட்டங்கள் ஊர்ந்து ஊர்ந்து கடைசி வரை போய், அங்கே போய் விழுந்து செத்தன. இது நம்பியிருக்கிற வேறொரு சர்வீஸ் எழவில்லை, ஆகவே இதுவும் எழாது என்று அர்த்தமாகும்படி ஒரு வாசகம். அது எனக்குச் சட்டென்று புரிந்தது. குச்சி அடுக்காமல் மெழுகு முக்க முடியாது. மெழுகு முக்காமல் மருந்து முக்க முடியாது. மருந்து காயாமல் பெட்டி அடைக்க முடியாது. ஒரு காலையில் குச்சி வரவில்லை என்றால் அத்தனை கொட்டகையும் கையைக் கட்டிக்கொண்டு வம்பு பேசும். இதற்குள்ளும் யாரோ ஒருத்தன் வரவில்லை.

"டிபென்டன்சி டேப்ல என்ன சார் இருக்கு?"

லைசென்ஸ் சர்வீஸ் என்று இருந்தது. நாங்கள் காசு கொடுத்து வாங்கிய ஆட்கள்தானா என்று பார்க்கிற காவல்காரன். அவனைத் தேடிப்பிடித்து ஸ்டார்ட் கொடுத்தேன். அவன் எழுந்தான். எழுந்த வேகத்தில் படுத்தான். கூடவே ஒரு வாசகம். டெஸ்பாட்ச் என் காதுக்குப் பக்கத்தில் எழுத்துக் கூட்டிப் படித்து, அர்த்தத்தையும் தானே சொன்னார்.

"செய்ய வேல இல்லன்னா சில சர்வீசு தானா நின்னுருமாம்வே. உமக்குத்தான் எழுதிருக்கான்."

பதினைந்து வருஷத்தில் அவர் சொன்ன முதல் நகைச்சுவை. அதுவும் என் செலவில். அண்ணாச்சி பின்னால் சிரித்தார். நான் சொன்ன மயக்கத்துக்குச் சிரிக்காத மனுஷர்!

போனில் அந்தப் பிள்ளை அடுத்த கேள்விக்கு வந்தாள்.

"சார், சிஸ்டம்ல டேட், டைம் ஏதாவது மாத்துனீங்களா?"

முதுகுக்குப் பின்னால் அண்ணாச்சி. ஆமாம் மாற்றினேன் என்றால், ஏன் மாற்றினாய் என்பாள். முதலாளி சொன்னார் என்றால், முதலாளி தப்புச் செய்தார் என்று நான் மதுரைக்குப் புகார் வாசித்த மாதிரி ஆகும். நாற்காலி போய்விடும். தவிரவும் நல்ல நேரத்தைத் திருப்புவது வீட்டு ரகசியம், போனில் சொல்லலாமா?

"சேச்சே. அப்படில்லாம் நாங்க செய்ய மாட்டோம்மா."

"என்ன கேக்கா?" என்றார் அண்ணாச்சி.

"சாப்பிட்டாச்சான்னு கேக்கா அண்ணாச்சி."

அந்தப் பொய்க்குப் பிறகு நான் பட்டபாடு இருக்கிறதே, வயிற்று வலிக்காரன் டாக்டரிடம் 'நேற்று ஒன்றும் தின்னவில்லை' என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த எல்லா மருந்தையும் குடித்த கதை. லாக்-ஆன் பாஸ்வேர்டைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். ஆரம்பிக்கிற விதம் ஆட்டோமேட்டிக்கில் இருக்கிறதா என்றாள். இருந்தது. வைரஸைப் பிடிக்கிற புரோகிராமை நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன், அது அழுதுகொண்டே நின்றது. ஈவென்ட் வியூவர் என்று ஒன்றைத் திறக்கச் சொன்னாள். உள்ளே சிவப்பு சிவப்பாகப் பெருக்கல் குறி. மூன்றாம் வகுப்பில் என் கணக்கு சிலேட்டு இப்படித்தான் இருக்கும்.

"சார், மறுபடி மறுபடி அதே பட்டன அமுக்காதீங்க. இங்க வரைக்கும் சத்தம் கேக்குது."

"நான் அமுக்கலம்மா. அதுவா அமுங்குது."

"சார், கடைசியா ஒரு தடவ கேக்குறேன். டைம் மாத்துனீங்களா?"

"எங்க குலதெய்வம் மேல சத்தியமா இல்ல."

"அப்ப ரீ-இன்ஸ்டால்தான் சார். சி.டி. இருக்கா?"

சி.டி. சென்னையில், மருமகனிடம். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டி லேப்டாப்பில் விழுந்தது. இதனாலும் கெட்டுப்போகுமோ என்று அதையும் துடைத்தேன். வாசலில் டிரைவர் ஆரன் அடித்தார். பன்னிரண்டு தாண்டிவிட்டது. அண்ணாச்சி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"சாப்ட்டு வாரேன். வரும்போது பில்லு மேசைல இருக்கணும். இல்லன்னா திங்கக்கெழம புதூருக்கு யாருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல." செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு, அவருடைய சொந்தச் சாப்பாட்டுக்குப் போனார்.

அவர் தலை கேட்டைத் தாண்டியது. அதுவரை என் தோளில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த டெஸ்பாட்ச், என் கையிலிருந்த போனை நோக்கிக் குனிந்து, லாரியில் சரக்கு ஏற்றுகிற குரலில் கத்தினார்.

"ஏம்மா, இவரு பொய் சொல்லுதாரும்மா! பதினோரு மணிக்கு மேல தொறந்துட்டு, மணிய ஒம்பதரைக்குத் தள்ளிட்டாரு! குலதெய்வம் மேல சத்தியமும் பண்ணிட்டாரு, அது வேற பாவம்!"

போனில் அந்தப் பிள்ளை சிரித்தாள். தனியாக இல்லை, பக்கத்து மேசைக்காரிகளுக்கும் சொல்லிச் சிரித்தாள். மதுரையே சிரித்தது.

"சார், நீங்க பதினோரு மணிக்கு ஓபன் பண்ணுனத லைசென்ஸ் சர்வீஸ் குறிச்சு வச்சிருக்கும். ஓடிட்டு இருக்கும்போது பேசாம இருந்திருக்கும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்போது ஒன்பதே முக்கால்னா, திருட்டுத்தனம்னு நெனச்சுப் படுத்துக்கும். ஒண்ணு டைம சரியா வைங்க. இல்லன்னா அந்தக் கடிகாரம் பதினொண்ணத் தாண்டுற வரைக்கும் சும்மா உக்காந்திருங்க. தன்னால எந்திரிக்கும்."

சும்மா உட்கார்ந்திருந்தால் தன்னால் எழுந்திருக்குமாம். நான் ஒருவன்தான் கோவில்பட்டியிலேயே அந்த ஒரு வேலையைச் செய்யத் தெரியாதவன். காவல்காரனை எழுப்பி எழுப்பிப் படுக்கப் போட்டிருந்தேன். இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கவும் என்னால் ஆகவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியைச் சரியாக வைத்தேன். லைசென்ஸுக்கு ஸ்டார்ட் கொடுத்தேன். எழுந்தான். நின்றான். டேட்டாவுக்குக் கொடுத்தேன். எழுந்தான். இரண்டு பேருக்கும் நேரே 'ஸ்டார்ட்டட்'. புரோகிராம் கல்யாணப் பந்தல் மாதிரி திறந்தது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதற்கு முன் என் மகன் பிறந்தபோதுதான் அப்படி வந்தது. அதைவிட இது கொஞ்சம் கூடுதல்.

பில் பட்டியலைத் திறந்தேன். காலி. மணி பின்னால் போயிருந்தபோது போட்டது நிற்காது என்றாள் அந்தப் பிள்ளை. சொல்லிவிட்டு நன்றி சார் என்று வைத்துவிட்டாள். ஒன்றாம் நம்பர் மறுபடி பிறக்கக் காத்திருந்தது.

"தொறக்கத்தானே செஞ்சிருக்கு" என்றார் டெஸ்பாட்ச் மெதுவாக. "தொறந்ததெல்லாம் வேல செய்யுமா? அண்ணாச்சி வந்து மறுபடி படுத்துட்டா? ஒரு பில்லு போட்டுப் பாரும்வே, ஓடுதான்னு."

நியாயமான பேச்சு. போட்டேன். பிரிண்டரிலிருந்து தாள் சரசரவென்று இறங்கியது. அதைக் கையில் பிடித்துத் தூக்கி, நாற்காலியைச் சுற்றி ஒரு ஆட்டம் போட்டேன். டெஸ்பாட்சைப் பார்த்து, "புதூர் கடைசி பஸ்ஸு எத்தன மணிக்குன்னு கேட்டு வையும்வே" என்றேன்.

"கேட்டு வச்சாச்சு" என்றார் அவர்.

அவர் விரல் தாளின் மேல் மூலையில் நின்றது. அங்கே ஒன்று என்ற எண்ணுக்குப் பக்கத்தில் புரோகிராம் தானாக மணியைப் போட்டிருந்தது. ராகு காலத்தின் நட்ட நடு. புது வருஷக் கணக்கின் முதல் பில். சும்மா ஓட்டிப் பார்க்கப் போட்டதுதான். அது புரோகிராமுக்குத் தெரியாது. அழிக்கப் பார்த்தேன். போட்ட பில்லை அழிக்க விடாது, ரத்து என்று முத்திரை மட்டும் குத்தலாம் என்றது. முதல் பில் ராகு காலத்தில் என்பது ஒரு கேடு. முதல் பில்லே ரத்து என்றால் அண்ணாச்சி ஆபீஸை மூடிவிட்டுக் காசிக்குப் போய்விடுவார். மணியைப் பின்னால் தள்ளலாமா என்று கை போனது. தள்ளினால் காவல்காரன் படுத்துவிடுவான்.

"ஏம்வே, நீரு தெரிஞ்சுதான சொன்னீரு?"

டெஸ்பாட்ச் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். "எனக்கு இந்தப் பெட்டியப் பத்தி என்னவே தெரியும்? எனக்கு மவுசத் தள்ளவே தெரியாதுன்னு ஊரெல்லாம் சொன்னது நீருதான?"

அண்ணாச்சி பல் குத்திக்கொண்டே வந்தார். நான் தாளை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தேன்; டெஸ்பாட்ச் அதை என் கையிலிருந்து பக்குவமாக உருவி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார். அண்ணாச்சி முதலில் மொத்தத் தொகையைப் பார்க்கவில்லை. மணியைத்தான் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். காலண்டரைப் பார்த்தார்.

"சரியாயிட்டு அண்ணாச்சி" என்றேன். "ரெண்டு சர்வீசும் எந்திரிச்சிட்டு. இனிமே நல்லா ஓடும். மணி தப்பா இருந்ததுதான் கோளாறு."

"தப்பா இருந்துச்சா? நான்லா வைக்கச் சொன்னேன்."

வாய் திறந்தது, முதல் முறையாக அதற்குள் ஒன்றும் இல்லை.

"ஓடுத பெட்டிய எங்கன வேணும்னாலும் வாங்கிருவேன்வே. அந்த ஒம்பதரைய எங்கன போயி வாங்க?" கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. கடைக்காரர் பழைய பாக்கியைக் கைவிடுகிற குரல். "உம்ம கையில நல்ல நேரத்தக் குடுத்தேன். அத எமன் வாகனத்துல ஏத்தி அனுப்பிட்டீரு. எம் மருமவன் பெட்டிய அனுப்பும்போதே சொன்னான், அவசரக்காரன் கையில குடுக்காதீகன்னு."

பிறகு டெஸ்பாட்ச் பக்கம் திரும்பினார். "நீரு இவ்வளவு நேரம் என்ன செஞ்சீரு?"

"நான் எதையும் தொடலியே அண்ணாச்சி."

தொடவில்லைதான். கத்தினார், தூண்டினார், தாளை உருவினார். பெட்டியை மட்டும் தொடவில்லை. அந்த ஒரு தகுதிக்கு நாற்காலி அவருக்குப் போயிற்று. அண்ணாச்சி தலையை ஆட்டி, "அப்படித்தான் இருக்கணும்" என்றார். லாரி ராகு காலம் கழிந்ததும் கிளம்பியது. டிரைவர் பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் கூடுதலாக வைத்து நசுக்கினார். அவருக்கும் அதற்குள் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து அந்த லேப்டாப்பை அணைப்பதே இல்லை என்று உத்தரவு. அணைத்தால்தானே எழவேண்டும்? புதிதாகப் பெரிய பாட்டரிப் பெட்டி ஒன்று வாங்கி வைத்தார்கள். டெஸ்பாட்ச், உயிர் இழுத்துக்கொண்டிருக்கிற பணக்கார மாமனார் பக்கத்தில் மருமகன் உட்காருகிற மாதிரி, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பில்லைக் கையால் எழுதினார். பெட்டி ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டார். பலசரக்குக் கடைக் கணக்கும் நடந்தது. மகளும் படித்தாள், கம்ப்யூட்டர்தான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திங்கட்கிழமை நான் புதூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எழுந்து வேறு இடம் தேடவில்லை. கொட்டகையில் இறங்கும்போது புருவம் வரை மண். பெட்டி அடைக்கிற பெண்கள் கை நிற்காமல் தலை தூக்கிப் பார்த்தார்கள்.

"யாரு ஏட்டி இது?"

"கோவில்பட்டில இருந்து வந்திருக்காவ. கம்ப்யூட்டரு சார்வாள்."

"கம்ப்யூட்டரு சார்வாளுக்கு இங்கன என்ன சோலி?"

"ராகு காலத்துல அமுக்கிட்டாவளாம்ல."

எனக்கு முன்னால் அந்தச் செய்தி எந்தப் பஸ்ஸில் வந்தது என்று இன்று வரை தெரியாது. கொட்டகை முழுக்கச் சிரித்தது, தகரம் அதிர்ந்தது. அம்மாவை அன்றைக்குச் சாயந்தரம் யார் புரட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டே நானும் சிரித்தேன், எல்லாரையும் விடச் சத்தமாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. மற்றவர்கள் நிறுத்தின பிறகும் எனக்கு நிற்கவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சிரிச்சது போதும் சார்வாள். பெட்டிக்கு மேல்மூடி தீந்துபோச்சு. உள்ள மூட்டைல இருக்கு, எடுத்தாந்து இங்கன கொட்டுங்க."

போய் எடுத்து வந்து கொட்டினேன்.